தாம்பாளத்தில் திரும்பிப் போன எஞ்சின்

பள்ளித் தோழர்கள் குழுவில் சென்ற வாரம் ஒருத்தி ஒரு கேள்வி போட்டாள். சின்ன வயதில் தொலைந்துபோன பொருள்களில் எது திரும்பக் கிடைத்தால் சந்தோஷப்படுவீர்கள்? உடனே நம் ஆட்கள் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். பம்பரம், கேசட், மணி வைத்த சைக்கிள், வாசனை ரப்பர். ஒருவன் தன் தலைமுடியைக் கேட்டிருந்தான். முப்பத்தைந்தைத் தொடுவதற்குள் பாதிப் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது, மீதிப் பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறுகிறோம், இதெல்லாம் தேவைதானா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நானும் ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டு அழித்தேன். உங்களில் யாராவது எங்கள் வீட்டில் போய்ச் சொல்லிவிடுவீர்கள் என்று சந்தேகம். எனக்கு அந்தப் புத்தி உண்டு. அது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். படித்தவர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் வாயைக் கட்டிக்கொள்ளுங்கள்.

தொலைந்தது ஒரு எஞ்சின். உள்ளங்கையில் வைத்தால் விரல்கள் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். சின்ன விமானத்தைக் கம்பியில் கட்டிச் சுற்றிச் சுற்றிப் பறக்கவிடுவார்களே, அதை ஓட்டுகிற எஞ்சின். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்த பையன்களிடம் அந்தக் காலத்தில் இருந்திருக்கிறது. என் அப்பா ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்து உயிர் கொடுத்தார். அதை நான் தொலைத்தேன். எஞ்சினோடு போயிருந்தால் பரவாயில்லை, அப்பாவின் நல்ல பேரையும் சேர்த்துத் தொலைத்தேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. நான் ஏழாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். எங்கள் பனியன் ஊரில் மண்ணரை என்கிற பகுதியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா, அம்மா இருவருக்கும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை. அப்பா நிட்டிங் மெஷின்களைப் பழுது பார்க்கிற ஃபிட்டர். அம்மா செக்கிங். தைத்து வருகிற ஒவ்வொரு பனியனையும் டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, உள்ளே கையை விட்டுத் திருப்பி, ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக் கோடு எல்லாவற்றையும் கண்டுபிடித்து, பக்கத்தில் சிவப்பு அம்பு போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டுவார். அம்மா கையைத் தாண்டி ஓர் ஓட்டை கப்பல் ஏறியதில்லை என்று கம்பெனியில் பேர்.

அந்தக் கண்ணை அம்மா கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வரமாட்டார். மளிகைக் கடைக்காரர் சிரித்தால் புளியில் கொட்டை அதிகம் என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரி குழம்பு கொடுத்தால் நாளைக்கு எதையோ கேட்கப் போகிறாள் என்று அர்த்தம். "மடியில கனமிருந்தாத்தான் வழியில பயம்" என்பது அவர் ஒரு நாளைக்கு மூன்று முறையாவது சொல்கிற பழமொழி. என்னைப் பார்த்துச் சொல்லும்போது நான் எதுவும் செய்யாமலே பயந்திருக்கிறேன். எல்லாரையும் போல எனக்கும் வீட்டுப் பழக்கம் ஒட்டியது. பன்னிரண்டு வயதுச் சிறுமியான நானும் அம்மாவைப் போலத்தான் மனிதர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அப்பாவிடம் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பேச மாட்டார். புருவத்தில் பஞ்சு ஒட்டியபடி வருவார், குளிப்பார், சாப்பிடுவார், படுப்பார். அப்படிப்பட்டவர் ஒரு கிருத்திகை நாளில் என்னைக் கூட்டிக்கொண்டு மலைக் கோயிலுக்குப் போனார். செருப்பு விடுகிற இடத்தில் என்னை நிற்கச் சொல்லிவிட்டு, தேங்காய் வாங்கி வருகிறேன் என்று தேர் நிறுத்துகிற கொட்டகைப் பக்கம் நடந்தார். தேங்காய்க் கடை எதிர்ப் பக்கத்தில் இருந்தது. நான் சும்மா நிற்பேனா? பின்னாலேயே போனேன்.

கொட்டகைக்குப் பின்னால் எங்கள் கம்பெனி முதலாளியம்மா நின்றுகொண்டிருந்தார். தனியாக. ஒரு மஞ்சள் தாம்பூலப் பையை அப்பாவிடம் கொடுத்தார். கொடுக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவருக்குத் தெரிய வேண்டாமுங்க. உங்க ஊட்டுலயும் சொல்லிப்போடாதீங்க" என்றார். அதற்கு அப்பா, அந்தப் பேசாத அப்பா, "உசுரு போனாலும் சொல்ல மாட்டனுங்க" என்றார்.

நான் ஓடிவந்து செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அப்பா தேங்காயோடு வந்து, பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, "முதலாளியம்மாளப் பாத்ததை அம்மாகிட்டச் சொல்ல வேண்டாம் கண்ணு" என்றார். நான் பின்னால் வந்ததைப் பார்த்திருக்கிறார். அன்று எனக்குக் கேட்காமலே ஐஸ்கிரீம் கிடைத்தது. கேட்காமல் கிடைப்பதெல்லாம் எதற்கு என்று எனக்குத் தெரியும். அதைத் தின்றுகொண்டே அப்பாவை முதல் முறையாகப் பயத்தோடு பார்த்தேன்.

முதலாளி வீட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு ஒரே மகன். கம்பெனியில் சின்ன முதலாளி என்போம். தையல் செக்‌ஷனில் வேலை பார்த்த, தெற்கே கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சர்ச்சுக்குப் போகிற பெண்ணை அவர் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். முதலாளி மறுநாளே தலை முழுகினார். செத்தவர்களுக்குக் குளிப்பது போல. வீட்டிலிருந்த மகன் படங்கள் எல்லாம் இறங்கின. கம்பெனியில் அந்தப் பேரை யாரும் உச்சரிக்கக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பைக்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது வேறு. என்னவென்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் செய்தித்தாளை விரித்து எஞ்சினை எடுத்து வைத்தார். பார்க்க ஒன்றுமே இல்லை. கருப்பட்டிப் பாகு காய்ந்து இறுகியது போல மேலெல்லாம் பழுப்புப் படை. முன்னால் இருக்கிற விசிறி உடைந்திருந்தது. சுற்றினால் சுற்றவில்லை. விளக்கெண்ணெய் கலந்து ஓட்டுவார்களாம், வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் அந்த எண்ணெயே பசையாக மாறி உள்ளே எல்லாவற்றையும் ஒட்டிவிடுமாம். இதை அப்பா எனக்குச் சொன்னார். அம்மா வந்து இது எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு மட்டும், பழைய இரும்புக் கடையில் கிடந்தது, பார்க்க ஆசையாக இருந்தது என்றார். அம்மா எஞ்சினைப் பார்க்கவில்லை. அப்பா முகத்தைப் பார்த்தார்.

அப்பாவின் வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நம் ஊரில் எதைச் சுத்தம் செய்வதானாலும் பிளீச்சிங் பட்டறையிலிருந்து காஸ்டிக் வாங்கி வந்து முக்கிவிடுவார்கள். அம்மாவும் அதைத்தான் சொன்னார். அலுமினியத்தைக் காஸ்டிக் தின்றுவிடும் என்று அப்பா பதறிப்போய்த் தடுத்தார். லாரி ரேடியேட்டருக்கு ஊற்றுகிற பச்சைக் கூலன்டை வாங்கி வந்து, ஒரு பழைய குண்டாவில் ஊற்றி, எஞ்சினை நூலில் கட்டித் தொங்கவிட்டு, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சின்னத் தீயில் காய்ச்சினார். கொதிக்கவிடாமல், பாலைக் காவல் காப்பது போல. தித்திப்பாக ஒரு வாடை அடித்தது. படை மெதுவாக மேகம் மேகமாகக் கழன்றது. குண்டா இனிச் சமையலுக்கு ஆகாது என்று அம்மா அதை வாசலில் வீசியது தனிக் கதை.

முறுக்கித் திறக்கக் கூடாது என்பார் அப்பா. பின்னல் மெஷினில் வளையம் வளையமாக ஆயிரக்கணக்கில் ஊசிகள் நிற்கும். ஒன்றை முறுக்கினால் துணி முழுக்கக் கோடு விழும். அந்தக் கையோடுதான் இதையும் தொட்டார். கொஞ்சம் சூடு, கொஞ்சம் பின்னல் ஊசிக்கு விடுகிற நீடில் ஆயில், அப்புறம் ஒரு நாள் விட்டுவிடுவது. மறுநாள் மறுபடி. நான்கைந்து நாளில் ஒரு திருகு தானாக அசைந்தது. மூன்று வாரத்தில் எல்லாம் கழன்று செய்தித்தாளில் வரிசையாக உட்கார்ந்தன. புகை வெளியேறுகிற துளையில் அடைத்திருந்த கரியை உடைந்த பின்னல் ஊசியின் கொக்கியால் சுரண்டினார். பனியன் வேஸ்ட்டால் துடைக்கிற வேலை எனக்கு. வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைக்க வேண்டும். நான் துணியை வெளிச்சத்தில் பிடித்து அம்மாவைப் போலத் திருப்பிப் பார்ப்பேன். அப்பா சிரிப்பார். அவர் அவ்வளவு சிரித்த கோடை அது ஒன்றுதான். அந்தச் சிரிப்பையும் நான் சந்தேகப்பட்டேன். கொடுத்தவரை நினைத்துச் சிரிக்கிறாரோ என்று.

அம்மாவுக்கும் அதே சிரிப்புதான் உறுத்தியிருக்க வேண்டும். ஒரு நாள் அப்பா சட்டையில் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. ஈதர். முன்பெல்லாம் மயக்கம் கொடுக்கப் பயன்படுத்திய திரவம். இந்த எஞ்சினுக்கு அதைத்தான் எண்ணெயில் கலக்க வேண்டுமாம், தெரிந்த ஒரு கம்பவுண்டரிடம் சின்னப் புட்டியில் வாங்கி வந்திருந்தார். அம்மா சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு யாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்று கேட்டார். எஞ்சினுக்கு என்றார் அப்பா. அன்றிலிருந்து அப்பா எங்கே போனாலும் கூடவே போகச் சொல்லி என்னை அனுப்பினார் அம்மா. திரும்பி வந்ததும் எங்கே போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்பார். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. சொல்லக் கூடியது ஒன்று இருந்தது, அதை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

மே மாதக் கடைசி ஞாயிறு. தச்சரிடம் செதுக்கிய புது விசிறியை மாட்டி, எஞ்சினை ஒரு மரக்கட்டையில் திருகி, அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நொய்யல் பாலம் தாண்டி ஒரு வெற்றுக் காட்டுக்குப் போனார். ஆற்றில் அன்றைக்குச் சாயக் கழிவின் நீல நுரை. கட்டை அசையாமலிருக்க அதன் மேல் என்னை ஏறி நிற்கச் சொன்னார். எண்ணெய் ஊற்றி, விசிறியை விரலால் சுண்டினார். ஒன்றுமில்லை. மேலே இருந்த திருகை ஒரு மயிரிழை திருப்பிச் சுண்டினார். விசிறி திருப்பி அடித்து விரலில் ரத்தம் வந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு, மறுகையால் சுண்டினார்.

அது கத்தியது. அவ்வளவு சின்னப் பொருளிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. என் காலுக்கடியில் கட்டை நடுங்கியது. விசிறி மறைந்து வெறும் காற்றாக ஆனது. விளக்கெண்ணெய் எரிகிற வாசம் முகத்தில் அடித்தது. இருபது எண்ணுவதற்குள் எண்ணெய் தீர்ந்து நின்றுவிட்டது. அப்பாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. புகையால்தான் என்றார். நான் கைதட்டிக் குதித்தேன். அந்த இருபது எண்ணுகிற நேரம் மட்டும் எனக்கு யார் மேலும் சந்தேகம் இல்லை.

மறுநாள் அம்மா லீவு போட்டார்; அப்பா வேலைக்குப் போன பிறகு பரண் மேலிருந்து தாம்பூலப் பையைக் கண்டுபிடித்தார். பழைய இரும்புக் கடையில் வாங்கிய பொருள் தாம்பூலப் பையில் வருமா? பையில் அச்சடித்திருந்த கல்யாணம் பெரிய இடத்துக் கல்யாணம். எங்களுக்கெல்லாம் பத்திரிகை வராத இடம். அம்மா என்னைக் கட்டிலில் உட்கார வைத்து எதிரே உட்கார்ந்தார்.

"இதை யாரு குடுத்தாங்க? உனக்குத் தெரியும். என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

நண்பர்களே, இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். உண்மையைச் சொன்னால் ஒரு பொம்பளை பேர் வரும். எங்கள் லைனில் மூன்றாவது வீட்டில் அப்படி ஒரு பேர் வந்து, அந்த அக்கா பிள்ளைகளோடு போனதை நான் பார்த்திருந்தேன். திருட்டு என்றால்? திருட்டுக்கு அடிப்பார்கள், திட்டுவார்கள், ஆனால் வீடு உடையாது. ஓட்டை விழுந்த பனியனையும் கறை பட்ட பனியனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது விலை குறைத்துச் செகண்ட்ஸில் போகும், எது கழிவில் போகும் என்று அம்மா பிரிப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அதே கணக்கை அப்பாவுக்குப் போட்டேன்.

"யாரும் குடுக்கலம்மா. கம்பெனி ஆபீஸ் ரூம் ஷெல்ப்புல இருந்துச்சாம். அப்பா எடுத்துட்டு வந்துட்டாரு" என்றேன்.

அம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் பொருளில் ஒரு பொத்தான்கூட வைத்துக்கொண்டதில்லை என்றார். பிறகு எழுந்து போய்க் குளித்தார். ஈரத் தலையோடு பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தார். ஒருவர் பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமனே கொடுக்கக் கூடாது அல்லவா? இரவல் கிண்ணத்தைக்கூட ஒரு பிடி சர்க்கரை போட்டுத்தானே கொடுப்போம். தாம்பாளத்தில் புதுப் பனியன் துணி விரித்து, வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், ஓர் எலுமிச்சை வைத்து, நடுவில் அந்த எஞ்சினை உட்கார வைத்தார். அதன் மேல் ஒரு தூசி இல்லை. அப்பாவும் நானும் அப்படித் துடைத்திருந்தோம்.

என்னை ஏன் கூட்டிப் போனார் என்று தெரியாது. சாட்சிக்காக இருக்கலாம். முதலாளி வீடு கம்பெனிக்குப் பின்னாலேயே இருந்தது. அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா தாம்பாளத்தை அவர் முன்னால் வைத்து, கீழே விழுந்து கும்பிட்டார்.

"தப்பு நடந்துபோச்சுங்க சாமி. எங்க ஊட்டுக்காரரு கம்பெனில இருந்து இந்தச் சாமானை எடுத்துட்டு வந்துட்டாருங்க. நீங்க மன்னிச்சு ஏத்துக்கோணுமுங்க."

முதலாளி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். எஞ்சினைக் கையில் எடுத்தார். "இது கம்பெனிச் சாமான் இல்ல அம்மிணி" என்றார். "அவனோடது. உள்ள பீரோவுல இருந்தது."

அவன் யார் என்று அந்த வீட்டில் சொல்ல வேண்டியதில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. உள் வாசற்படியில் முதலாளியம்மா வந்து நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. முதலாளி அவரைத் திரும்பிப் பார்த்தார். குரலை உயர்த்தாமல், பீரோவுக்குள் இருந்தது எப்படி வெளியே போனது என்று கேட்டார். அந்தம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். வாட்ச்மேனை அனுப்பி அப்பாவை வரச் சொன்னார்கள்.

அப்பா புருவத்தில் பஞ்சோடு வந்து நின்றார். தாம்பாளத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாசற்படிப் பக்கம் மட்டும் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

"நாந்தானுங்க எடுத்தேன். மிக்சி ரிப்பேருக்கு ஊட்டுக்குள்ள வந்தப்ப பீரோ தொறந்திருந்துச்சுங்க."

நான் வாயைத் திறந்திருக்கலாம். பன்னிரண்டு வயது சின்ன வயதில்லை. அந்தம்மாவும் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. பல வருடம் அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அந்த ஊஞ்சலோடு தினமும் குடித்தனம் நடத்த வேண்டியவர் அவர் என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் உறைத்தது.

முதலாளி அடிக்கவில்லை, போலீசுக்கும் போகவில்லை. பழகிய மனிதன் என்று விடுகிறேன், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அம்மாவைப் பார்த்து, உன்னைப் போல ஒருத்திதான் எனக்கு வேண்டும் என்றார். அடுத்த வாரமே அம்மா செக்கிங் சூப்பர்வைசர் ஆனார். நாங்கள் கிளம்பும்போது நான் திரும்பிப் பார்த்தேன். முதலாளி அந்த விசிறியை ஒற்றை விரலால் மெதுவாகத் தள்ளினார். உள்ளே காற்று இறுகி டக் என்று ஒரு சத்தம் கேட்டது. கையை எடுத்துவிட்டார். பிறகு அந்த எஞ்சினை நான் பார்க்கவில்லை. ஒருமுறை ஓடியது என்பது அவருக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

அன்று சாயங்காலம் குழாயடியில் அப்பா என்னைத் தனியாகப் பிடித்தார். "நீயா கண்ணு சொன்னே?"

தலையாட்டினேன்.

"அந்தம்மாளப் பத்தி எதுவும் சொல்லலையில்ல?"

இல்லை என்றேன். அப்பா பெருமூச்சு விட்டு என் தலையில் கை வைத்து, "நல்ல புள்ள" என்றார். அந்தம்மாவைக் காப்பாற்றுவதற்காக நான் பொய் சொன்னேன் என்று நினைத்துவிட்டார். அவரையே சந்தேகப்பட்டுச் சொன்ன பொய் அது என்று நான் திருத்தவில்லை. அந்த இரண்டு வார்த்தையைப் போல என்னைச் சுட்டது வேறெதுவும் கிடையாது.

மிச்சத்தை அவரே பல வருடம் கழித்து, உடுமலைக்குப் போகிற பஸ்ஸில், காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சின்ன முதலாளிக்கு அங்கே காற்றாலை வேலை. குழந்தை பிறந்திருந்தது. பேரக் குழந்தையைப் பார்க்கப் போக முடியாத அந்தம்மா, மகன் உயிராக வைத்திருந்த எஞ்சினையாவது அனுப்ப நினைத்திருக்கிறார். ஓடாத பொருளை அனுப்பினால் குழந்தைக்கு ஆகாது, ஓட வைத்துக் கொடுங்கள் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஓடியது. அடுத்த ஞாயிறு கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தாராம்.

திருடன் என்ற பேர் அப்பாவை விட்டுப் போகவில்லை. நம் ஊரில் துணி உலர்வதற்குள் செய்தி பத்துக் கம்பெனிக்குப் போய்விடும். நல்ல கம்பெனி எதுவும் சேர்க்கவில்லை. கூப்பிட்ட இடத்துக்குப் போய் ஒரு நாள், இரண்டு நாள் என்று மெஷின் பார்த்தார். அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறையில்கூடக் கொஞ்ச காலம் பாலிஷ் மோட்டார் ஓட்டினார். அம்மா அவரை விட்டுப் போகவில்லை. சண்டையும் போடவில்லை. சோறு போட்டார், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்தார். ஆனால் விசேஷ வீட்டுக்குப் போய்த் திரும்பினால், அப்பா சட்டையைக் கழற்றி மாட்டியதும் அம்மா போய்ப் பைகளைத் தடவிப் பார்ப்பார். ரகசியமாக எல்லாம் இல்லை, எதிரிலேயே. நான் தலையைத் திருப்பிக்கொள்வேன்.

முதலாளியும் முதலாளியம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். இனியாவது அம்மாவிடம் சொல்லலாமே என்று அப்பாவிடம் கேட்டேன். செத்தவங்க பேரை எதுக்கு இழுக்கோணும், உங்கம்மாளுக்கும் பழகிப்போச்சு என்றுவிட்டார். எனக்கும் அது வசதியாக இருந்தது. வாயைத் திறந்தால் என் பொய்யும் சேர்ந்து வெளியே வருமே.

போன தை மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. வீட்டிலேயே வைத்திருந்தோம். அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பாவுக்கு இப்போது கண்ணில் புரை, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உறவினர்கள் கிளம்பிய பிறகு பார்த்தால், குழந்தைக்குப் போட வைத்திருந்த இன்னொரு ஜோடிக் கம்மலில் ஒன்றைக் காணவில்லை. எல்லாரும் பாயை உதறினோம். அம்மா உதறவில்லை. நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். ஒரு நொடிதான். அதற்குள் என் வீட்டுக்காரர், "இதோ, துண்டுல மாட்டியிருக்கு" என்று எடுத்துவிட்டார். அம்மாவின் அந்தப் பார்வை என்னை விடவில்லை. என் வீட்டில், என் மகள் காதுகுத்தில், அறுபத்தைந்து வயது மனிதர் மேல் போன பார்வை.

அம்மா சமையலறையில் தட்டைப்பயறு பொறுக்க உட்கார்ந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோயில், பை, கட்டிலில் வைத்து அவர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பொய், பஸ்ஸில் அப்பா சொன்ன மிச்சம். அழுகை வந்தது, அழுதுகொண்டே சொன்னேன். அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கல்லைப் பொறுக்கிப் பொறுக்கித் தனியாக வைத்தார்.

"அன்னிக்கே இதச் சொல்லியிருந்தீன்னா, உன்னையக் கூட்டிட்டு எங்கம்மா ஊட்டுக்குப் போயிருப்பேன். திரும்பி வந்திருக்க மாட்டேன்" என்றார். இன்னொரு கல்லைத் தனியாக வைத்துவிட்டு, "திருடனோட குடும்பம் நடத்தலாம் கண்ணு" என்றார்.

பன்னிரண்டு வயதில் நான் போட்ட கணக்கு சரிதான் என்று அவர் சொன்னதும் எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. அம்மா முறத்தில் விரலை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"கோயில்ல அன்னிக்கு அந்தம்மா என்ன சேலை கட்டியிருந்தாங்க?"

இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தம்மா சாம்பலாகிவிட்டார். எனக்கு நன்றாக நினைவிருந்தது. மாம்பழ நிறத்தில் பட்டு. தலை நிறைய மல்லிகை. கிருத்திகைக்குக் கோயிலுக்கு வருகிற பணக்கார வீட்டு அம்மா வேறு எப்படி வருவார்? ஆனால் அந்தப் பட்டில் அம்மா எந்த இடத்தில் அம்பு ஒட்டுவார் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு ஓர் உண்மையாவது சொல்லிவிட்டு எழ வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

"பழைய நூல் சேலைம்மா. சாயமெல்லாம் போயிருந்துச்சு" என்றேன்.

முறத்தில் நின்றிருந்த அம்மாவின் விரல் அசைந்தது. கடைசிக் கல்லையும் பொறுக்கிவிட்டு எழுந்தார். காப்பி கலந்தார். தானே எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதன் மேல் கண்ணாடிக் கூடு, கைக்குட்டை, பஸ் டிக்கெட், பாக்குப் பொட்டலம் எல்லாம் வரிசையாக இருந்தன. அவருடைய சட்டைப் பையும் வேட்டிக்குள் போட்டிருந்த டவுசர் பைகள் இரண்டும் வெளியே இழுத்துவிடப்பட்டு, நாக்குப் போலத் தொங்கின. கம்மலைக் காணோம் என்று உள்ளே சத்தம் கேட்டபோதே அவர் செய்திருக்க வேண்டும்.

"கம்மல் கெடச்சிருச்சுங்க. துண்டுல மாட்டியிருந்துச்சு" என்றார் அம்மா.

அப்பா குரல் வந்த பக்கம் நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா" என்றார். பிறகு ஸ்டூலைக் கையால் தடவிக்கொண்டே, "அப்ப இதெல்லாம் எடுத்து உள்ள போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார்.

அம்மா காப்பியைக் கீழே வைத்தார். குனிந்து, வெளியே தொங்கிய அவருடைய சட்டைப் பையை விரலால் உள்ளே தள்ளிவிட்டார்.